கூரைமேல் ஏறிய நண்டு

யோகராஜா அண்ணைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சிலையைக் கண்டாலும் தட்டிப் பார்க்காமல் நகரமாட்டார். முதலில் வலக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். சுட்டுவிரலை மடக்கி அதன் கணுவால் தோளில் ஒரு தட்டு, இடுப்பில் ஒரு தட்டு, முழங்காலில் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு தலையைச் சாய்த்து, யாரோ பதில் சொல்லப்போகிறார்கள் என்பதுபோல் காத்திருப்பார். கடைசியாகப் பெருவிரலால் அடிப்பக்கத்தில் ஓர் அழுத்து. தன் மீன்கடையில் நாள் முழுக்க நண்டுகளுக்கு அவர் செய்வது இதைத்தான். வயிற்றை அழுத்தினால் உள்ளே சதை இருக்கிறதா, வெறும் கோதா என்று தெரிந்துவிடும். சிலைகளுக்கும் அதே தீர்ப்பு. வங்கி வாசலில் படுத்திருந்த கல் சிங்கம் 'சதை'. பூங்காவில் குதிரைமேல் வாளோடு இருந்த பிரபு 'கோது'. பிரபுவின் விஷயத்தில் அவருக்கு மிகுந்த திருப்தி.

தென் லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில், அவருடைய கடைக்கு மேலே ஓர் அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவன். மீன் சாப்பிடாதவன் மீன்கடைக்கு மேலே குடிவந்தது தெருவில் கொஞ்சநாள் பேச்சாக இருந்தது. "ஆதித்யா தம்பி வாசத்துக்கு வாடகை குடுக்கிறேல்லை, அது இலவசம்" என்று அண்ணையின் மனைவி ரஜனி அக்கா வருகிறவர்களிடம் சொல்வார். நான் பெரும்பாலும் சிரிப்பதோடு சரி. கூச்சக்காரனுக்கு மீன்கடை நல்ல இடம். எல்லோரும் மீனைத்தான் பார்ப்பார்கள்.

அண்ணை யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரர். தொண்ணூறுகளில் வந்து, பெற்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்த்து, ஓர் இத்தாலியன் உணவகத்தில் கோப்பை கழுவி, அங்கேயே கணவாய் துப்புரவாக்கும் வேலைக்கு உயர்ந்து, ஒருவழியாக இந்தக் கடையை எடுத்தார். விடியுமுன்னே பில்லிங்ஸ்கேட் சந்தைக்குப் போய் மீன் எடுத்துவருவார். எல்லாம் இருந்தும் அவருக்கு ஒரு குறை. கடைக்குப் பெயர்ப்பலகை இருந்தது, ஆனால் பெயர் இல்லை. பக்கத்தில் துணி துவைக்கும் லோண்டறி ஒன்று இருந்ததால், சனங்கள் அதை 'லோண்டறிக்குப் பக்கத்துக் கடை' என்றுதான் சொன்னார்கள். தொலைபேசியில் ஓடர் கொடுப்பவர்கள்கூட, "லோண்டறிக்குப் பக்கத்துக் கடையோ?" என்று கேட்டார்கள். "ஓம், லோண்டறிதான் கதைக்குது" என்று அண்ணை எரிச்சலாகச் சொல்வதை மேலே இருந்து கேட்டிருக்கிறேன்.

அந்த நிலையில்தான் நண்டு வந்தது. கென்ற் கடற்கரையில் மூடப்பட்ட ஓர் உணவகத்தின் சாமான்களை விற்றபோது, ஃபைபரால் செய்த பெரிய நண்டு ஒன்று கிடைத்தது. சின்னக் கார் அளவு. அண்ணை அதற்கு நீலக்கால் நண்டின் நிறமே அடித்து, கண்களில் சிவப்பு லைற் பூட்டி, கூரையில் ஏற்ற நல்ல நேரம் கேட்டுக் கோயில் ஐயருக்கு ஃபோன் செய்தார்.

"என்ன ஏத்திறியள்?" என்றார் ஐயர்.

"கடை போர்ட் ஐயா" என்றார் அண்ணை. நண்டென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுபநேரம். கிரேன்காரன் கொட்டாவியோடு வந்தான். நண்டுக்கு நெற்றி எது என்று சற்று யோசித்து, இரண்டு கண்களுக்கும் நடுவில் ரஜனி அக்கா சந்தனமும் குங்குமமும் வைத்தார். நடைபாதையில் தேங்காய் உடைந்தது. கழுத்தில்லாத பிராணிக்கு மாலை போடுவது எப்படி என்ற கேள்வி எழுந்து, வலது கொடுக்கில் மாட்டப்பட்டது. நண்டு மாலையும் கொடுக்குமாகக் கூரைக்குப் போனது.

அடுத்த வாரமே, "நண்டுக் கடையோ?" என்று ஃபோன் வந்தது. அண்ணை ஃபோனை வைத்துவிட்டு வெளியே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

ஐயரிடம் நேரம் கேட்டவர் கவுன்சிலிடம் அனுமதி கேட்கவில்லை. யாரோ முறையிட, அதிகாரி ஒருவர் வந்து அளந்துகொண்டு போனார். அனுமதிக்கு இப்போது விண்ணப்பிக்கலாம், கிடைக்காவிட்டால் நண்டை இறக்க வேண்டும் என்றார்கள்.

"நல்ல நேரம் போனா வராதெல்லே தம்பி. பெர்மிஷன் பேந்தும் எடுக்கலாம் எண்டு நினைச்சன்" என்றார் அண்ணை. அவருக்கு அதில் பிழை எதுவும் தெரியவில்லை.

விண்ணப்பம் போட்டோம். குழு கூடி முடிவெடுக்கும், கடைக்காரர் மூன்று நிமிடம் பேசலாம் என்று தகவல் வந்தது. அன்றிலிருந்து அண்ணைக்கு நித்திரை போயிற்று. நண்டு இறங்கினால் மறுபடி லோண்டறிதான்.

"மூண்டு நிமிசத்தில என்னத்தைச் சொல்றது? பாரும், இந்த நாட்டில ரோட்டுக்கு ரோட்டு என்னவெல்லாம் வைச்சிருக்கிறாங்கள்!" தன் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வீதியோர விசித்திரங்களைக் காட்டும் காணொளி ஒன்று ஓடியது. "இவங்களை ஒருத்தரும் இறக்கச் சொல்லேல்லையே? எப்பிடிச் சமாளிச்சவங்கள்? போய்க் கேப்பம். திங்கக்கிழமை சந்தையும் இல்லை, கடையும் பூட்டு. நீர் லீவு போடும்."

"நானா?"

"நீர் நல்ல இங்கிலீஷ் கதைப்பீர்."

நான் எந்த மொழியிலும் அதிகம் கதைப்பதில்லை என்பதை அவர் கவனித்ததில்லை.

மீன் வானின் முன்னிருக்கையில் மூன்று பேர். அண்ணை கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நடுவில் ரஜனி அக்கா, மடியில் சாப்பாட்டுப் பை. யன்னலோரம் நான், கையில் ஒரு மெல்லிய கவிதைப் புத்தகம். அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒரு பக்கத்தில ஏழு சொல்லு, மற்றதெல்லாம் வெள்ளைத்தாள்? இந்த விலைக்கு இதை வாங்கி என்ன செய்யிறது? மீனாவது சுத்தலாம்."

"படிச்சா நல்லா இருக்கும் அக்கா."

"ஒண்டு வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தேன். அக்கா கவனமாகக் கேட்டார். "முடிஞ்சுதே?" என்றார்.

"முடிஞ்சுது."

"அவருக்கு என்ன கஷ்டமோ தெரியேல்லை, பாவம்" என்று சொல்லிவிட்டு, எனக்கொரு றோல்ஸ் எடுத்துத் தந்தார். "உங்களுக்குக் கிழங்கு. வேற எண்ணெய், வேற தாச்சி. பயப்பிடாதேங்கோ."

பையில் எங்களுக்குரியது போக மூன்று பொதிகள் தனியே இருந்தன. பார்க்கப்போகும் மூன்று இடங்களுக்கும் ஒவ்வொன்று. வெறுங்கையோடு போய் ஒருவரிடம் எப்படி ஒன்றைக் கேட்பது என்பது அக்காவின் நியாயம்.

முதலில் எசெக்ஸ் பக்கம் ஒரு கராஜ். வாசலில் பழைய புகைக்குழாய்களை ஒட்டிச் செய்த இரும்பு மனிதன், வீட்டுயரம், வீதியைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தான். அண்ணை தட்டினார். "முழங்கால் வரைக்கும் சதை, மேல கோது" என்றார். எண்ணெய்க் கையோடு கராஜ்காரர் வெளியே வந்தார். இதற்கு அனுமதி எப்படிப் பெற்றீர்கள் என்று நான் கேட்டேன். அவர் திரும்பி இரும்பு மனிதனை இன்றுதான் முதன்முறையாகக் காண்பவர்போல் பார்த்தார்.

"அனுமதியா? என் அப்பா செய்தது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை." பிறகு அண்ணையின் கழுத்துப்பட்டியையும் என் கையிலிருந்த புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "நீங்கள் கவுன்சிலா?" என்றார்.

இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியது. அக்கா பொதியை நீட்டினார். மனிதர் இரண்டடி பின்னால் போய்விட்டார். வான் கிளம்பியபின்தான் அக்கா வாயைத் திறந்தார்.

"லஞ்சம் எண்டு நினைச்சிட்டுது. உந்த டையைக் கழட்டுங்கோ முதல்."

"டை மரியாதை."

"மரியாதையாலதான் அந்தாள் ஓடினது."

அண்ணை கழற்றவில்லை.

இரண்டாவது, வயலோரத்தில் பழைய டயர்களால் செய்த முதலை. ஒரு லொறி நீளம், வாய் பிளந்து, பற்களுக்கு வெள்ளை அடித்த பால் போத்தல்கள். விவசாயி சந்தோஷமான ஆள். அக்காவின் பொதியைப் பிரித்து அங்கேயே தின்னத் தொடங்கினார். அவருடைய வழி சுலபம். குனிந்து முதலையின் வயிற்றுக்குக் கீழே காட்டினார். நாலு சில்லு, ரப்பர்ச் சக்கரம்.

"இது கட்டடம் இல்லை. இழுவை வண்டி. யாராவது வந்து கேட்டால் பத்தடி நகர்த்திவிடுவேன்."

அண்ணையின் முகம் மலர்ந்தது. வானில் ஏறியதும், "சில்லு பூட்டினால் போச்சு!" என்றார்.

"கூரைக்கு மேலயோ?"

"ஓம்."

"அங்கயிருந்து எங்க ஓட்டப்போறியள்? லோண்டறிக்கோ?"

வான் சஃபோக் எல்லையைத் தாண்டியது. நான் வெளியே பார்த்தேன். வயல்கள் என் புத்தகத்துப் பக்கங்களைப்போல் அதிகம் வெறுமையும் ஓரிரண்டு மரங்களுமாக இருந்தன. மூன்றாவது இடமான தகரக் கோழியைக் கண்டு அண்ணை வானை நிறுத்தினார்.

வீதியோரத்தில் ஒரு முட்டைக் கடை. மரக் கொட்டகைதான். அதன் கூரையில், கேக் சுடும் தகரங்களையும் பழைய பெயர்ப்பலகைகளையும் வெட்டி இறகிறகாகப் பொருத்திய கோழி. சிவப்புக் கொண்டை, ஒரு கண் மஞ்சள், ஒரு கண் பச்சை. ஏணி சாத்தியிருந்தது. ஏணியடியில் கையில் திருகுசாவியோடு ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். வென்டி என்று பெயர் சொன்னார். நாங்கள் வந்த காரணத்தை நான் சொல்லி முடிக்குமுன் அண்ணை திருகுசாவியைக் கண்டுவிட்டார்.

"பூட்டிக்கொண்டு நிக்கிறா, பாவம், தனியாள்" என்றவர், ஆங்கிலத்தில், "கொடுங்கள், கொடுங்கள்" என்று அதை வாங்கிக்கொண்டு, கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு ஏறத் தொடங்கினார்.

வென்டி வாயைத் திறந்தார். கையை உயர்த்தினார். அந்தக் கையில் ரஜனி அக்கா ஒரு மீன் கட்லட்டை வைத்தார்.

மேலே அண்ணை தட்டிப் பார்த்தார். "முழுக்கக் கோது! ஆனா நல்ல வேலை!" பிறகு, "நட்டெல்லாம் லூசாக் கிடக்கு! ஒரு காத்தடிச்சா கோழி பறந்திடும்!" என்று கத்தினார். ஒவ்வொன்றாக இறுக்கினார். இறுக்கும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்வார். வென்டி அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். ஏணி வழுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கட்லட்டை மெதுவாகக் கடித்த வென்டி, "காரம்" என்றார். இன்னொன்று எடுத்தார்.

அண்ணை இறங்கியதும் நான் எங்கள் கேள்வியைக் கேட்டேன். இதை இறக்கிவிடச் சொல்லி யாராவது வந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?

வென்டி கட்லட்டை விழுங்கினார். கோழியைப் பார்த்தார். வீதியைப் பார்த்தார்.

"இங்கே வருகிற லொறிக்காரர்களுக்கெல்லாம், கோழியில் இடப்பக்கம் திரும்பு என்றுதான் சொல்வார்கள்" என்றார். "தபால்காரருக்கு என் வீட்டு எண் தெரியாது. கோழி வீடு. என் மகளின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கோழியைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார்கள். கோழி இல்லாவிட்டால்..." வாக்கியத்தை முடிக்காமல், அதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பவர்போல நின்றார். "இல்லாவிட்டால், நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது."

நான் மொழிபெயர்க்கவில்லை. அவசியம் இருக்கவில்லை. அண்ணைக்கு விளங்கிவிட்டது.

வரும் வழியெல்லாம் அந்த மூன்று நிமிடப் பேச்சைத் தயாரித்தோம். மடியில் முட்டைப் பெட்டி ஒன்றை அணைத்துப்பிடித்தபடி அக்கா கேட்டுக்கொண்டு வந்தார். பெட்டிக்குக் காசு வேண்டாமென்று வென்டி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

கூட்டத்தன்று மாலை கவுன்சில் மண்டபத்தில் அண்ணை அதே கழுத்துப்பட்டியோடு எழுந்து நின்றார். "மதிப்புக்குரிய தலைவரே" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. நண்டைப் பற்றிச் சொல்ல அவருக்குக் கை வேண்டும். இரண்டு கைகளும் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தன. மண்டபம் காத்திருந்தது.  எழுந்து உதவவேண்டியவன் நான்தான், ஆனால் எழவில்லை.

ரஜனி அக்கா எழுந்தார். பதிவு செய்தவர் மட்டுமே பேசலாம் என்றார் தலைவர்.

"நேரம் அவருடையதுதான். வாய் மட்டும் என்னுடையது" என்றார் அக்கா. ஆங்கிலம்தான், ஆனால் எங்கள் கடைக்குள் கேட்கும் அதே ராகம். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் தொடரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் ஒருவர் குளியலறையில் விழுந்துவிட்டார். நான்தான் அம்புலன்ஸுக்கு அடித்தேன். முன்பு ஒருமுறை அடித்தபோது, லோண்டறிக்குப் பக்கத்தில் என்று சொன்னேன். எங்கள் வீதியில் லோண்டறி இரண்டு. அவர்கள் மற்ற லோண்டறிக்குப் போய்விட்டார்கள். இந்தமுறை விலாசம் சொல்லத் தொடங்கினேன். 'நண்டு இருக்கிற இடமா?' என்றான் ஃபோனை எடுத்த பையன். வந்துவிட்டார்கள். விழுந்தவர் இப்போது நடக்கிறார். நேற்றுக்கூட இறால் வாங்கினார். உங்களுக்கு அது வடிவாக இல்லாவிட்டால் பரவாயில்லை. எனக்கும் அதன் கண் பிடிக்காது. இரவில் என் படுக்கையறையெல்லாம் சிவப்பு. ஆனால் அதைக் கழற்றினால் எங்களை எங்கே என்று தேடுவீர்கள்?"

அண்ணை திரும்பி மனைவியைப் பார்த்தார். சிவப்புக் கண் பிடிக்காது என்பது அவருக்கும் அன்றுதான் தெரியும்.

எதிர்த்துப் பேச ஒருவர் இருந்தார். மூலை வீட்டுக்காரர். வெளிச்சமும், நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கொடுக்குகளும் தன் கவலை என்று நியாயமாகத்தான் சொன்னார். கைகள் உயர்ந்தன. அனுமதி கிடைத்தது, இரண்டு நிபந்தனைகளோடு. கண்கள் இரவு ஒன்பதுக்கு அணையவேண்டும். கொடுக்குகள் நடைபாதைக்கு மேல் நீளக்கூடாது.

வெளியே வந்ததும் அண்ணை, "கொடுக்கை வெட்டினால் அது நண்டே? எட்டுக் கால் எண்டால் சிலந்தி!" என்று பதறினார். வெட்டவில்லை. ஃபைபர் வேலைக்காரர் ஒருவரைப் பிடித்து, இரண்டு கொடுக்குகளையும் மேல்நோக்கித் திருப்பி ஒட்டவைத்தார். இப்போது எங்கள் நண்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி நிற்கிறது. கோயில் திருவிழாவில் நிற்கும் பக்தன் என்று சிலர் சொல்கிறார்கள். "கவுன்சிலுக்குச் சரணாகதி" என்கிறார் அக்கா. ஒன்பது மணிக்கு அவரே போய் சுவிட்சை அணைப்பார், ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்பாகவே.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கடை நெரிசலில், கையில் முட்டைப் பெட்டியோடு வென்டி வந்து நின்றார். மகளைப் பார்க்க லண்டன் வந்தாராம், நண்டில் இறங்கிக்கொண்டாராம். அண்ணை நண்டு வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை ஆட்டி வரவேற்றார். அக்கா கட்லட் பொரிக்க உள்ளே ஓடினார். வாசலில் நானும் அவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம்.

அண்ணையைக் கண்ணால் காட்டி, "அவருக்குச் சொல்லமாட்டாய் அல்லவா?" என்றார் வென்டி.

எதை என்று கேட்டேன்.

காற்றடித்தால் கோழி கிரீச்சிடுகிறது என்று ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் சிலர் முறையிட்டிருந்தார்கள். வென்டிக்கும் சண்டை பிடித்து அலுத்துவிட்டது. நாங்கள் போன அந்தத் திங்கட்கிழமை கோழியை இறக்கிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணை ஒவ்வொன்றாக இறுக்கிக் கொடுத்த, இன்றுவரை இறுகியே இருக்கிற அந்த நட்டுகளையெல்லாம், அன்று காலையிலிருந்து வென்டிதான் கழற்றிக்கொண்டிருந்தார்.